செடித்தொட்டித் தண்ணீர்: பிஎச்சை விட்டுவிட்டுக் கேஎச்சைப் பாருங்கள்

செடி வளர்க்கும் மீன்தொட்டியில் ஏதோ சரியில்லை என்றதும் பலரும் முதலில் எடுப்பது பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) டெஸ்ட் கிட்டைத்தான். 7.8 காட்டும். செடிக்கு 6.5 நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம் வரும். பிஎச் குறைக்கும் திரவத்தை ஒரு மூடி ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் 6.8. மறுநாள் காலை பார்த்தால் மறுபடி 7.7. இன்னொரு மூடி, அடுத்த நாள் இன்னொரு மூடி. நாலைந்து நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கும், அல்லது பிஎச் ஒரேயடியாக 5.5க்கு இறங்கியிருக்கும். செடித்தொட்டியில் நடக்கும் தவறுகளில் இதுதான் மிகச் சாதாரணமானது. இதில் செத்த மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 7.8 எந்தக் கெடுதலும் செய்திருக்காது.

தொட்டித் தண்ணீரின் பிஎச்சைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். இன்னொன்று, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. பைகார்பனேட் கூடினால் பிஎச் ஏறும், கார்பன் டை ஆக்சைடு கூடினால் இறங்கும். அந்தத் திரவத்தில் இருக்கும் அமிலம் பைகார்பனேட்டை உடைத்துக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அதனால்தான் பிஎச் உடனே விழுகிறது, மீன்கள் மூச்சுக்குத் தவிக்கின்றன. இரவுக்குள் அந்த வாயு வெளியேறியதும் பிஎச் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பைகார்பனேட் கொஞ்சம் செலவாகிறது. அது தீரும் நாளில் தாங்குவதற்கு எதுவும் இருக்காது. அன்றைக்கு ஊற்றும் மூடி தொட்டியை முடித்துவிடும்.

எனவே கையில் எடுக்க வேண்டிய எண், அந்தப் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கேஎச்.

ஜிஎச், கேஎச்: இரண்டும் வேறு வேறு

ஜிஎச் என்பது மொத்தக் கடினத்தன்மை. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவு. சோப்பு நுரைக்காமல் செய்வதும், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இவைதான். செடிக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் இவை உணவு.

கேஎச் என்பது கார்பனேட் கடினத்தன்மை என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் அது கடினத்தன்மையை அளப்பதே இல்லை. அமிலத்தை எவ்வளவு தாங்கும் என்பதை, அதாவது காரத்தாங்குதிறனை அளக்கிறது. தொட்டியில் அது நடைமுறையில் பைகார்பனேட்டின் அளவு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்று மற்றொன்றின் பகுதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இல்லை.

இரண்டையும் ஜெர்மன் டிகிரியில் சொல்வது வழக்கம். 1 டிகிரி என்றால் கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.85 மில்லிகிராம். தண்ணீர் அறிக்கையில் பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) என்று போட்டிருந்தால் 17.85 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 250 பிபிஎம் என்றால் 14 டிகிரி.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தண்ணீரின் வரலாறு தெரியும். ஜிஎச் 15, கேஎச் 13 என்றால் சுண்ணாம்புப் பாறை வழியே வந்த நீர். ஜிஎச் 15, கேஎச் 3 என்றால் அதில் கால்சியமும் மக்னீசியமும் சல்பேட்டாக, குளோரைடாக இருக்கின்றன. இந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் கடினம் பெரிதாகக் குறையாது. கொதித்தால் விழுவது கார்பனேட்டோடு ஜோடி சேர்ந்த பகுதி மட்டும். ஜிஎச் 1, கேஎச் 12 என்று வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடும் சாஃப்ட்னர் வழியே வந்த தண்ணீர் இப்படித்தான் இருக்கும். சில நிலத்தடி நீரே இயல்பில் இப்படி இருப்பதும் உண்டு. துணி துவைக்க அருமையான நீர், செடிக்கு மோசமான நீர். "மென்னீர்" என்ற சொல்லை நம்பி இதைத் தொட்டியில் நிரப்புபவர்கள் செடியின் குருத்து சுருள்வதற்குக் காரணம் தெரியாமல் உரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அளப்பதில் நடக்கும் பிழைகள்

ஐந்தாறு கட்டங்கள் கொண்ட காகிதப் பட்டைகளை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். கேஎச் 3க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் அதில் ஒரு நிற மயக்கம். சொட்டு கிட் வாங்குங்கள். பெரும்பாலான கிட்டில் 5 மில்லி நீருக்கு ஒரு சொட்டு 1 டிகிரி. 10 மில்லி எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரி, 20 மில்லி எடுத்தால் கால் டிகிரி. கேஎச் 2க்குக் கீழே வைத்திருப்பவர்கள் 20 மில்லியில்தான் அளக்க வேண்டும். 5 மில்லியில் 1 என்று வருவது அரையாகவும் இருக்கலாம். பாட்டிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும், கணக்கும் மாறும். ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கி, நிறம் முழுசாக மாறி அப்படியே நிற்கும் சொட்டை எண்ணுங்கள். கேஎச் பெரும்பாலும் நீலத்திலிருந்து மஞ்சளுக்கும், ஜிஎச் ஆரஞ்சு அல்லது சிவப்பிலிருந்து பச்சைக்கும் மாறும்.

கிட் சரியா என்று சந்தேகமா? 1.2 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் அது கேஎச் 40. அதில் 100 மில்லி எடுத்து, வடித்த நீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் கேஎச் 4. இதைச் சோதித்துப் பாருங்கள். 4 சொட்டு வர வேண்டும். மிச்சத்தை ஊற்றிவிடாதீர்கள், டிராப் செக்கருக்கு (கார்பன் டை ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் கருவி) இதே கரைசல்தான் வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. இரண்டாவதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும்.

டிடிஎஸ் மீட்டர் மலிவு, வேகம், பயனுள்ளது. ஆனால் அது கடினத்தன்மையைச் சொல்லாது. மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பின் அளவை அது ஊகிக்கிறது. டிடிஎஸ் 300 காட்டும் இரண்டு வாளிகளில் ஒன்று ஜிஎச் 14ஆக இருக்கலாம், மற்றொன்று சாதாரண உப்பு நிறைந்து ஜிஎச் 3ஆக இருக்கலாம். உங்கள் தண்ணீரின் ஜிஎச், கேஎச் ஒருமுறை தெரிந்தபின், அது மாறியிருக்கிறதா என்று தினமும் பார்க்க அந்த மீட்டர் நல்ல துணை.

பிஎச்சைப் பொறுத்தவரை, குழாயில் பிடித்த உடனே பார்க்காதீர்கள். நிலத்தடி நீரில் கார்பன் டை ஆக்சைடு அடைந்திருக்கும். குழாயில் 6.9 காட்டும் நீர் ஒரு நாள் திறந்து வைத்தால் 7.9 ஆகலாம். ஒரு டம்ளர் நீரை 24 மணி நேரம் வைத்துவிட்டு, முடிந்தால் காற்றுக் கல் போட்டு, பிறகு பாருங்கள். மின்முனை மீட்டர் வைத்திருந்தால் பிஎச் 7.00, 4.01 என்று தெரிந்த இரண்டு பஃபர் கரைசல்களிலும் சரிபார்க்க வேண்டும். முனையைப் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் வையுங்கள். வடித்த நீரில் ஊற வைத்தால் அது சீக்கிரமே கெடும்.

மாற்றத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியை யாரும் போதுமான அளவுக்குக் கேட்டுக்கொள்வதில்லை. ஜிஎச் 4 முதல் 12 வரை, கேஎச் 1 முதல் 8 வரை உள்ள நீரில் சாதாரணமாகக் கிடைக்கும் செடிகளில் பெரும்பாலானவை வளரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வென்டி, வாலிஸ்னேரியா, ஹார்ன்வொர்ட் ஆகியவை அதைவிடக் கடினமான நீரிலும் நன்றாக இருக்கும். செடி வாடுகிறது என்றால் வெளிச்சம், கார்பன் டை ஆக்சைடு, உரம் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். கடினத்தன்மை அதற்குப் பிறகுதான்.

விதிவிலக்குகள் உண்டு. டோனினா, சின்கோனாந்தஸ், எரியோகாலான் வகைகள் பல, ரோட்டாலா மக்ராண்ட்ரா போன்றவை கேஎச் 0 முதல் 2 வரைதான் சந்தோஷமாக இருக்கும். அதற்கு மேல் போனால் குருத்து சிறுத்து, சாம்பல் படிந்து நின்றுவிடும். தேனீ இறால் வகைகளுக்கு ஜிஎச் 4 முதல் 6, கேஎச் 0 முதல் 1. செர்ரி இறாலுக்கு ஜிஎச் 6 முதல் 8, கேஎச் 2க்கு மேல். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு ஜிஎச் 10க்கு மேலே உள்ள நீர்தான் இயல்பு. மென்னீரில் மோலி துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஆடி ஆடி நிற்கும். கார்டினல் டெட்ராவும் டிஸ்கஸும் மென்னீர் மீன்கள். ஆனாலும் தொட்டியில் பிறந்து வளர்ந்தவை நடுத்தர நீரில் நன்றாகவே வாழும், முட்டை பொரிப்பதில்தான் சிக்கல் வரும். மோலியையும் டோனினாவையும் ஒரே தொட்டியில் வைத்துவிட்டு எந்த நீர் சரி என்று கேட்டால் பதில் கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடின நீரிலேயே இருப்பது என்று முடிவானால் ஒரு விஷயத்தைச் சரிசெய்தால் போதும்: இரும்பு. உரத்தில் உள்ள இரும்பு கீலேட்டாக, அதாவது வீழ்படியாமல் பிடித்து வைக்கும் ஒரு மூலக்கூறோடு, கட்டப்பட்டிருக்கும். இடிடிஏ கட்டு பிஎச் 6.5 வாக்கிலேயே தளர ஆரம்பிக்கும். டிடிபிஏ ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். பிஎச் 7.8 உள்ள தொட்டியில் இடிடிஏ இரும்பை எவ்வளவு ஊற்றினாலும் பெரும்பகுதி செடிக்கு எட்டாமல் வீழ்படிவாகிவிடும். புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். டிடிபிஏ உள்ள உரத்துக்கு மாறினால் பல தொட்டிகளில் இரண்டு வாரத்தில் குருத்தின் நிறம் திரும்பிவிடும். இடிடிஎச்ஏ இன்னும் உயர்ந்த பிஎச்சிலும் நிற்கும், ஆனால் தண்ணீர் சிவப்பாகும். அதைத் தண்ணீரில் ஊற்றாமல், வேர் அருகே மண்ணுக்குள் வைப்பது நல்லது.

குறைப்பது

கேஎச்சைக் குறைக்க நம்பகமான வழி ஒன்றுதான்: ஆர்ஓ நீரையோ மழைநீரையோ கலப்பது. பாதாம் இலை, மரக்கட்டை, பீட் (சதுப்பு நிலத்து மக்கு) எல்லாம் மீனுக்கு நல்லவை, மென்னீரில் பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும். கேஎச் 10 உள்ள நீரில் பத்து இலை போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், பிஎச் ஏறக்குறைய அசையாது. பாஸ்பேட் கலந்த "பிஎச் 6.5" பொடிகள் கடின நீரில் கால்சியத்தோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கும், பின்னால் சொல்லப்போகும் கார்பன் டை ஆக்சைடு கணக்கையும் பொய்யாக்கும். அவற்றைச் செடித்தொட்டியில் சேர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கலக்கும் கணக்கு எளிது. வேண்டிய கேஎச்சைக் குழாய் நீரின் கேஎச்சால் வகுத்தால், கலவையில் குழாய் நீரின் பங்கு வரும். குழாய் நீர் ஜிஎச் 18, கேஎச் 14. வேண்டியது கேஎச் 4. 4ஐ 14ஆல் வகுத்தால் 0.286. அதாவது 50 லிட்டருக்கு 14 லிட்டர் குழாய் நீர், 36 லிட்டர் ஆர்ஓ நீர். ஜிஎச்சும் அதே பங்கில் 5க்கு வரும். இப்படிக் கலந்த நீருக்குத் தனியாகத் தாது உப்பு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. அதனால்தான் முழு ஆர்ஓவை விடக் கலவை நல்லது. வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் சுவைக்காகத் தாதுவையோ வடிகட்டாத நீரையோ திரும்பக் கலக்கும் பகுதி இருந்தால், அதற்கு முன்பே குழாயைப் பிரித்து எடுங்கள். நல்ல ஆர்ஓ நீரில் கேஎச் ஒரு சொட்டிலேயே முடிய வேண்டும்.

ஓடும் தொட்டியை மாற்றும்போது அவசரம் கூடாது. கேஎச் 14 உள்ள தொட்டியில் வாரம் 15 சதவீதம் கேஎச் 4 நீரால் மாற்றினால் முதல் வாரம் 12.5, நான்காவது வாரம் 9.2, எட்டாவது வாரம் 6.7. இந்த வேகம் மீனுக்குச் சுகம். மீனைத் தாக்குவது பிஎச் எண்ணின் அசைவைவிட, உடம்புக்கு வெளியே இருக்கும் உப்பின் அளவு சட்டென்று மாறுவதுதான். ஒரு நாளில் ஜிஎச்சோ கேஎச்சோ 2 டிகிரிக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். இறால் இருந்தால் 1 டிகிரி.

இவ்வளவும் செய்து கேஎச் மறுபடி ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி தொட்டிக்குள் இருக்கிறது. பவளத் துண்டு, சிப்பி, பளிங்குச் சில்லு, சுண்ணாம்புக் கல். சேரியூ கல் அழகுதான், ஆனால் அதுவும் கரையும். கல்லின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில். வினிகர் பலவீனமானது, மெதுவாகக் கரையும் கல்லில் ஒன்றும் காட்டாமல் ஏமாற்றும். அமிலம் வேண்டாம் என்றால் கல்லை ஒரு வாளி ஆர்ஓ நீரில் ஒரு வாரம் போட்டு, முன்னும் பின்னும் கேஎச் அளங்கள். செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் தொட்டியில் அதே கல் இன்னும் வேகமாகக் கரையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கூட்டுவது

கூட்டுவதற்கு விலையுயர்ந்த பாட்டில் தேவையில்லை. சிறிய எடைத் தராசு ஒன்று போதும். எல்லாம் 100 லிட்டருக்கு, 1 டிகிரி கூட்ட:

கேஎச்சுக்குச் சமையல் சோடா 3 கிராம், அல்லது பொட்டாசியம் பைகார்பனேட் 3.6 கிராம்.
ஜிஎச்சுக்கு ஜிப்சம் 3.1 கிராம், அல்லது எப்சம் உப்பு 4.4 கிராம், அல்லது இரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 2.6 கிராம்.

முழு ஆர்ஓ நீரில் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு தொடக்கக் கலவை: 100 லிட்டருக்கு ஜிப்சம் 12.3 கிராம், எப்சம் உப்பு 8.8 கிராம். ஜிஎச் 6 வரும். அதில் கால்சியம் லிட்டருக்கு 29 மில்லிகிராம், மக்னீசியம் 9 மில்லிகிராம் அளவில் இருக்கும். மூன்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில் செடிகள் நன்றாகப் போகின்றன. கேஎச் 2 வேண்டுமானால் பொட்டாசியம் பைகார்பனேட் 7 கிராம். அதோடு லிட்டருக்கு 27 மில்லிகிராம் பொட்டாசியமும் வந்துவிடுவதால் உரத்தில் தனிப் பொட்டாசியத்தை நிறுத்திவிடலாம்.

ஜிப்சம் எளிதில் கரையாது. லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம்தான் அதன் எல்லை. டம்ளரில் கலக்கிப் பார்த்துவிட்டு "போலி" என்று தூக்கிப் போடாதீர்கள். வாளியில் பெரிய அளவு நீரோடு கலந்து முந்தின இரவே பம்ப் ஓட விடுங்கள். கால்சியம் குளோரைடு இதற்கு நேர்மாறு, கையில் பாத்திரம் சுடும் அளவுக்குச் சூடாகிக் கரையும். தொட்டிக்குள் நேரடியாகக் கொட்ட வேண்டாம்.

கால்சியக் குறையைக் குருத்தில் பாருங்கள்: புது இலை கோணிக்கொண்டு, நுனி கொக்கி போல் வளைந்து வரும். மக்னீசியக் குறை பழைய இலையில் தெரியும், நரம்புகளுக்கு இடையில் மஞ்சளாகும். நத்தை ஓட்டில் வெள்ளைக் குழி விழுந்தால் பிஎச் 7க்குக் கீழே இருக்கிறது, கால்சியமும் போதவில்லை என்று பொருள்.

தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு விடுபவர்களுக்கு

கேஎச்சும் பிஎச்சும் தெரிந்தால் கரைந்த கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிடலாம். 7இலிருந்து பிஎச்சைக் கழித்து, 10ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, கேஎச்சால் பெருக்கி, 3ஆல் பெருக்க வேண்டும். கேஎச் 4 என்றால் பிஎச் 7.0இல் 12 பிபிஎம், 6.8இல் 19, 6.6இல் 30, 6.4இல் 48. செடிக்கு வேண்டிய 30 பிபிஎம், கேஎச் 2 நீரில் பிஎச் 6.3இலும், கேஎச் 8 நீரில் 6.9இலும் வரும். "என் தொட்டி பிஎச் 6.9, கார்பன் டை ஆக்சைடு போதவில்லை" என்று சொல்பவர் கேஎச் சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு. கேஎச் அதிகம் இருந்தால் மீனுக்குப் பாதுகாப்பு, கூடுதலாக வாயு விடலாம் என்பார்கள். பிஎச் எண் மேலே நிற்கும், அவ்வளவுதான். கரைந்த வாயு அதே அளவுதான், மீனின் செவுளுக்கு அதே சுமைதான். கேஎச் 2இலும் சரி, கேஎச் 10இலும் சரி, கார்பன் டை ஆக்சைடு பத்து மடங்கானால் பிஎச் சரியாக 1 இறங்கும். அதேபோல், பகலில் வாயு விட்டு பிஎச் 1 இறங்குவதையும் இரவில் ஏறுவதையும் கண்டு பயப்பட வேண்டாம்; உப்பின் அளவு மாறாததால் மீன்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நடைமுறையில் இந்த "1 இறக்கம்" நல்ல அளவுகோல். முந்தைய நாள் ஒரு டம்ளர் தொட்டி நீரை வெளியே வைத்து, 24 மணி நேரம் கழித்து அதன் பிஎச்சைப் பாருங்கள். வாயு விடும்போது தொட்டியின் பிஎச் அதைவிட 1 குறையும்படி வைத்துத் தொடங்கி, மீனைப் பார்த்துக்கொண்டே நாளுக்குக் கொஞ்சமாக மாற்றுங்கள். பீட், மரக்கட்டைச் சாறு, ஆக்வா சாயில் (செடித்தொட்டிக்கான மண் உருண்டைகள்), பாஸ்பேட் ஆகியவை தரும் அமிலம் மேலே சொன்ன கணக்கை ஏமாற்றி, இல்லாத வாயுவை இருப்பதாகக் காட்டும். இறக்கத்தைப் பார்க்கும் முறையில் அந்தப் பிழை பெருமளவு குறையும்.

டிராப் செக்கரில் தொட்டி நீரை ஊற்றக் கூடாது. முன்பு செய்த கேஎச் 4 கரைசலும் புரோமோதைமால் நீலமும்தான் அதற்குள் இருக்க வேண்டும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் 30 பிபிஎம் அளவு, மஞ்சள் என்றால் அதிகம். அது ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் காட்டும். வாயு வால்வைத் திருகிவிட்டு பத்து நிமிடத்தில் நிறம் மாறவில்லை என்று இன்னும் திருகுவது மீனைக் கொல்லும்.

வாயு விடாத, வெளிச்சம் மட்டும் அதிகமான தொட்டியில் இதன் மறுபக்கம் தெரியும். மதியத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்ததும் வாலிஸ்னேரியா, எஜேரியா, ஹார்ன்வொர்ட் போன்றவை பைகார்பனேட்டையே உறிஞ்ச ஆரம்பிக்கும். பிஎச் 9ஐத் தாண்டலாம். இலையைத் தடவினால் மணல் போல் கரகரக்கும், அது கால்சியம் கார்பனேட். பாசிச்செடிகளால் (மாஸ் வகைகள்) இப்படிப் பைகார்பனேட்டை எடுக்க முடியாது, அதே தொட்டியில் அவை பட்டினி கிடக்கும். தீர்வு வெளிச்சத்தைக் குறைப்பது, அல்லது வாயு கொடுப்பது. பிஎச் குறைக்கும் திரவம் அல்ல.

ஆக்வா சாயில் பற்றி ஒரு வார்த்தை. அது கேஎச்சைத் தின்று பிஎச்சை 6 அளவில் பிடித்து வைக்கும் மண். புது மண்ணில் கேஎச் 0 காட்டும், அது கோளாறு இல்லை. பயந்து சமையல் சோடா போட்டால் அதையும் மண் தின்று, சீக்கிரம் தீர்ந்துபோகும். கேஎச் 1, 2 உள்ள நீரில் ஒன்றரை, இரண்டு வருடம் வரும் மண், கேஎச் 8 நீரை வாராவாரம் பாதி மாற்றினால் சில மாதங்களில் வெறும் களிமண் உருண்டையாகிவிடும்.

தானாக நகரும் எண்கள்

சரியாக அமைத்த தொட்டியும் நகரும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கும். 100 லிட்டர் தொட்டியில் வாரம் 5 லிட்டர் ஆவியாகி, அதை ஜிஎச் 18 குழாய் நீரால் நிரப்பினால் வாரம் 0.9 டிகிரி கூடும். வாராவாரம் 25 சதவீதம் ஜிஎச் 5 நீரால் மாற்றினாலும் தொட்டி 5இல் நிற்காது, 8 பக்கம் போய்த்தான் நிற்கும். ஆவியானதை ஆர்ஓ நீரால் நிரப்புங்கள்.

கேஎச் நகர்வது எதிர்த்திசையில். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் வெளிவருகிறது. அப்படி 10 பிபிஎம் நைட்ரேட் உண்டானால் 0.9 டிகிரி கேஎச் செலவாகிறது. செடிகள் அந்த நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும்போது அதில் பாதி திரும்பி வரும். அதனால் செடி அடர்ந்த தொட்டியில் இது மெதுவாக நடக்கும், மீன் அதிகமும் செடி குறைவுமாக இருந்தால் வேகமாக நடக்கும். பொட்டாசியம் நைட்ரேட் உரமாக ஊற்றிய நைட்ரேட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்ட தொட்டியில் கேஎச் 0, பிஎச் 5.5 என்று கண்டுபிடித்தால், அப்போதுதான் மிகுந்த நிதானம் வேண்டும். பிஎச் 6க்குக் கீழே அந்தப் பாக்டீரியா மந்தமாகிவிடுவதால் அம்மோனியா சேர்ந்துகொண்டே இருந்திருக்கும். மீன்கள் உயிரோடிருப்பதற்குக் காரணம், அந்தப் பிஎச்சில் அது கிட்டத்தட்ட முழுதும் தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் இருப்பதுதான். 25 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியா 2 பிபிஎம் இருந்தால், பிஎச் 6இல் விஷ வடிவம் 0.001 பிபிஎம். அதே நீர் பிஎச் 8க்குப் போனால் 0.1 பிபிஎம், நூறு மடங்கு. "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று பாதித் தொட்டியைக் கேஎச் 10 நீரால் மாற்றியவுடன் ஒரு மணி நேரத்தில் எல்லா மீனும் சாவது இதனால்தான்.

எனவே முதலில் மொத்த அம்மோனியாவை அளங்கள். பூஜ்யம் என்றால் நாளுக்கு 10 சதவீதம் மாற்றி ஒரு வாரத்தில் கேஎச்சை 2, 3க்குக் கொண்டுவரலாம். அம்மோனியா இருந்தால் தீவனத்தை நிறுத்துங்கள். மாற்றும் நீரும் கேஎச் 1க்கு மேல் போகாதபடி ஆர்ஓ கலந்து, ஆனால் ஜிஎச் தொட்டியின் அளவுக்கு அருகில் இருக்கும்படி ஜிப்சம் சேர்த்து, நாளுக்கு 10 முதல் 15 சதவீதம் மாற்றிக்கொண்டே வாருங்கள். வேகமாக வளரும் மிதக்கும் செடிகளை அள்ளிப் போடுங்கள், அவை அம்மோனியத்தை நேராக உறிஞ்சும். மொத்த அம்மோனியா 0.25க்குக் கீழே வந்த பிறகுதான் 100 லிட்டருக்கு 1.5 கிராம் சமையல் சோடா, அதாவது அரை டிகிரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு முறை போடுவதற்கு முன்பும் அம்மோனியாவை மறுபடி அளங்கள். ஏறியிருந்தால் அன்றைக்குப் போடாதீர்கள்.